கம்பளிக்குள் திணறிய கல்யாண வீடியோ

மூணாறு எஸ்டேட்டில் எங்கள் வீடு. பனியின் ஈரம் ஏறிவிடக் கூடாதென்று கம்ப்யூட்டர் பெட்டியை எப்போதும் கம்பளியால் போர்த்தியே வைத்திருப்போம்.

எங்கள் கல்யாண வீடியோ கேசட்டை அதில் பதிவு செய்தேன். முதலில் சீராக வந்த படம், போகப்போக விட்டுவிட்டு ஓடியது. மறைந்த அப்பா தாலி எடுத்துக் கொடுக்கும் காட்சி அந்தக் கேசட்டில் மட்டும்தான் இருக்கிறது. கேசட் கெட்டுவிட்டதோ என்று பதறிப்போனேன். ஆனால், நேராக டிவியில் போட்டால் அதே காட்சி நன்றாக ஓடியது! அப்படியானால் கோளாறு எங்கே?

"ஏங்க, நம்ம பூனை எந்நேரமும் கம்ப்யூட்டர் மேலயே படுத்துக் கெடக்கே, ஏன்?" என்றாள் மனைவி.

கம்பளிக்குள் கைவிட்டுப் பார்த்தேன். அடுப்பாய்ச் சுட்டது. சூடு வெளியேற வழியில்லாமல் கம்ப்யூட்டர்தான் திணறியிருக்கிறது! கம்பளியை எடுத்து, ஆறவிட்டு மறுபடி பதிந்தேன். அப்பா தடங்கலில்லாமல் சிரித்தார்.

இப்போதெல்லாம் கம்ப்யூட்டரை அணைத்து, சூடு ஆறிய பிறகே போர்த்துகிறேன். மெத்தை பறிபோன பூனை என் மடிக்கு வந்துவிட்டது.