கை நனைக்காத அம்மா

இரண்டடுக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். கீழே எலுமிச்சைச் சோறு, மேலே ஓர் அவித்த முட்டையும் ஊறுகாயும். எங்கள் திட்டத்தை மதிப்பிட வந்த அம்மா அதை நெடுஞ்சாலை ஓரம், ஜீப்பின் நிழலில் நின்றபடியே சாப்பிட்டார். பாடாலூரிலிருந்து உள்ளே போகும் அந்தச் சிற்றூரில் அவருக்காகக் கோழி அடித்து, வாழையிலை நறுக்கிவைத்துக் காத்திருந்தார்கள்.

இரண்டாயிரத்து நான்கு வாக்கில் நான் ஓர் ஆய்வுத் திட்டத்தில் களப்பணியாளன். பருவநிலை மாறுகிறது, மானாவாரி விவசாயி அதை எப்படிச் சமாளிப்பது என்பதுதான் ஆய்வு. அந்த ஊரின் காட்டில், அதாவது புன்செய் நிலத்தில், மழைமானி நட்டோம். எப்போது விதைக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவோம் என்று எங்கள் இயக்குநர் ஊர்க்கூட்டத்தில் வாக்குக் கொடுத்தார். தலைமுறை தலைமுறையாகப் பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்து, அப்போதுதான் சொந்தக் காடு வாங்கியிருந்த குடும்பங்கள் அந்த ஊரில் இருந்தவை. ஒரு விதைப்பு தவறினால் நிலம் கையைவிட்டுப் போய்விடும். மழைக் கணக்கை வைத்துக்கொண்டு இயக்குநர் வெளிநாட்டு மாநாடுகளுக்குப் போய்வந்தார். ஊருக்கு ஒரு வார்த்தை போகவில்லை.

ஆய்வு பொறுப்பாக நடக்கிறதா என்று பார்த்துவர, பணம் கொடுத்தவர்கள் அனுப்பியவர்தான் அந்த அம்மா. திட்டத்தைப் பற்றி அவர் யாரிடமும் கேட்கவே இல்லை. கேட்டால் நல்லதாகத்தான் சொல்வார்கள், வந்தவரிடம் குறை சொல்கிற வழக்கம் அங்கே கிடையாது. எப்போது விதைத்தீர்கள், ஏன் அன்றைக்கு விதைத்தீர்கள் என்று மட்டும் கேட்டார். பக்கத்துக் காட்டில் விதைத்தார்கள் என்றார் ஒருவர். டிராக்டர் அன்றுதான் கிடைத்தது என்றார் இன்னொருவர். எங்கள் திட்டத்தின் பெயர் ஒருவர் வாயிலும் வரவில்லை.

சாப்பிட ஊருக்குள் போகலாமே என்று கெஞ்சினேன். “சாப்பிட்ட வூட்டுல இருக்கற குறைய என்னால எழுத முடியாதுப்பா. அதான் வேலைக்குப் போற எடத்துல கை நனைக்கறதில்ல” என்றார். நேர்மையான பேச்சுதான். ஆனால் தங்கள் வீட்டில் கை நனைக்காதவர்கள் என்றால், சாதி பார்க்கிறவர்களைத்தான் அந்த ஊர் அதுவரை கண்டிருந்தது.

சேகரித்த மழைக் கணக்கை ஊருக்குச் சொல்லும்வரை பணத்தை நிறுத்துங்கள் என்று அவர் எழுதினார். இயக்குநர் ஊருக்கு ஓடிவந்தார். உங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காத அம்மா திட்டத்தை மூடப் பார்க்கிறார் என்றார். அது போதுமாயிருந்தது. நான் வீடு வீடாகப் போய்க் காரணத்தைச் சொன்னேன். மழைமானிக்கு இடம் கொடுத்த அக்கா, “இதெல்லாம் நாங்க பாக்காததா தம்பி?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு வேறொரு மதிப்பீட்டாளர் வந்தார். எல்லா வீட்டிலும் எலும்பைக் கடித்து உறிஞ்சிச் சாப்பிட்டுவிட்டு, திட்டம் நன்றாக நடக்கிறதா என்று கேட்டார். நன்றாக நடக்கிறது என்றார்கள். திட்டம் நீண்டது. அந்த அம்மாவை அதன்பின் யாரும் அழைக்கவில்லை.

அந்த வருடமே, முதல் மழையை நம்பி அக்கா பருத்தி விதைத்தார். மழை நின்றது, முளைத்தது கருகியது. சில வருடங்களாக முதல் மழை ஏமாற்றுகிறது என்பது எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்தது. காடு விலைபோனது. அவர் மகன் ரெட்டிபாளையம் சிமெண்டு ஆலையில் மூட்டை தூக்கப் போனான்.

போன மாதம் வேறொரு திட்டத்தோடு அங்கே போனேன். இப்போது அந்த அம்மாவைப் போல டிபன் பாக்ஸ் கொண்டுபோகிறவன் நான். ஆனால் அன்று அதை ஜீப்பிலிருந்து இறக்கவில்லை. அக்கா வீட்டுக்கு முன்னால் அதைத் திறக்க எனக்குத் துணிச்சல் இல்லை. அந்தத் திட்டத்தின் அதிகாரிகள் பந்தியில் உட்கார்ந்து ரசித்துச் சாப்பிட்டார்கள். இப்போது குத்தகைக் காட்டில் விதைக்கும் அக்காவுக்கு அதில் அவ்வளவு நிறைவு.

“அந்தம்மா மாதிரி இல்ல தம்பி, இவங்க நல்ல மனுசங்க” என்றபடி என் இலையில் குழம்பை ஊற்றினார். பிறகு குனிந்து மெதுவாகக் கேட்டார்: “மழ எப்பன்னு இவங்களாச்சும் சொல்லுவாங்களா?”