சந்துப் பக்கத்து ஜன்னல்

தெருவில் எல்லோரும் அவரைப் பிரேக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அதை அக்கா மிதிப்பதே தெரியாது. வண்டி மட்டும் அலுங்காமல் நின்றுவிடும். ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் தானே நிறுத்தியதாக நினைத்துப் பூரித்துப் போவார். அக்காவும் அதைத் திருத்துவதில்லை. பயந்தவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதில் அவருக்கு நல்ல பெயர். மற்ற பள்ளிகளில் திட்டு வாங்கி அழுதுவிட்டு வந்தவர்கள்தான் அவரிடம் அதிகம்.

அவர் கணவர் பேக்கரியில் அடுப்புக்காரர். விடியும் முன்பே எழுந்து போக வேண்டிய வேலை. ஆகவே பொழுது சாய்ந்ததும் படுத்துவிடுவார். அக்கா நூறு வார்த்தை பேசினால் அவர் ஒன்று பேசுவார், அதுவும் பாதி தலையாட்டலாக இருக்கும். 'எங்க வீட்டுல ஹாரன் நான், சைலன்சர் அவர்' என்று அக்கா சொல்லிச் சிரிப்பார்.

வீட்டை ஒட்டி ஒரு சந்து. சந்துக்கு அந்தப் பக்கம் ஒரு பார். அவர்கள் குடிவந்த நாளிலிருந்தே அது இருக்கிறது. அதன் பழைய முதலாளி யாருக்கு எவ்வளவு தாங்கும் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். தாண்டினால் ஊற்ற மாட்டார். தோளில் கைபோட்டு வீட்டுக்கு அனுப்பிவைப்பார். அவர் கடையை விற்றுவிட்டுப் போனதும் வேறொருவர் வாங்கினார். வாங்கியவர் முதலில் செய்த வேலை, சந்துப் பக்கச் சுவரை உடைத்து ஒரு ஜன்னல் வைத்தது. உள்ளே உட்கார்ந்து குடித்தால் ஒரு விலை, ஜன்னலில் வாங்கினால் பாதி விலை. பாதி விலை என்றால் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்?

சந்து நாறிப்போனது. அக்கா வீட்டுச் சுவரே கழிப்பறையானது. விடியும் முன் இருட்டில் பேக்கரிக்கு நடந்து போகும்போது கணவரின் செருப்பில் கண்ணாடிச் சில்லு ஏறியது. எதிர்வீட்டு மாடியில் இருந்த நர்ஸ், வேலை முடிந்து வரும்போது சாவியை விரல்களுக்கிடையே செருகிக்கொண்டு நடக்கப் பழகினாள். யாருக்கும் தூக்கம் இல்லை. அடுப்புக்காரர் பஞ்சைக் காதில் அடைத்துக்கொண்டு படுத்தார். அக்காவின் அக்கா புருஷன் வந்து பார்த்துவிட்டு, கிடைத்த விலைக்கு வீட்டைத் தள்ளிவிடச் சொன்னார். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தவா என்று கேட்ட அக்கா, அவரைச் சாப்பிடச் சொல்லிப் பேச்சை மாற்றினார்.

அப்போது அக்காவிடம் ஒரு தையல்காரம்மா ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். கணவருக்குப் பக்கவாதம். வீட்டில் கார் நின்றுகொண்டிருந்தது, ஓட்டத்தான் ஆளில்லை. மருத்துவமனைக்கு அவரை நானே கூட்டிக்கொண்டு போவேன் என்று ஒரு வைராக்கியத்தில் வந்து சேர்ந்தார். முன்னால் போக நன்றாகவே வந்துவிட்டது. ரிவர்ஸ் கியர் என்றால் மட்டும் கையை எடுத்துவிடுவார்.

ஒரு மாலை, பாடம் முடிந்து இருவரும் சந்துக்குள் திரும்பினார்கள். கடைசியில்தான் கார் நிறுத்தும் இடம். ஜன்னலைச் சுற்றி நின்ற கூட்டம் வழிவிடவில்லை. ஒருவன் வந்து பானட்டில் ஏறி, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான். இரண்டு பேர் கண்ணாடியில் தட்டி, தையல்காரம்மாவைப் பார்த்துப் பாட்டுப் பாடினார்கள். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியில் அப்படியே உறைந்துவிட்டார்.

அக்கா கதவைப் பூட்டினார். "அவனைப் பாக்காதீங்க. திரும்பிப் பின் கண்ணாடி வழியா தெருவைப் பாருங்க. காலி. ரிவர்ஸ் போடுங்க."

"எனக்கு வராது டீச்சர்."

"வரும். ஆமை மாதிரி போங்க. பிரேக் எங்கிட்டயும் இருக்கு."

வண்டி மெதுவாகப் பின்னால் நகர்ந்தது. பானட்டில் இருந்தவன் முதலில் சிரித்தான். பிறகு வழுக்கினான். பிறகு குதித்து இறங்கி, பிடிக்க ஒன்றுமில்லாமல் தள்ளாடி நின்றான். தையல்காரம்மா சந்து முழுவதையும் பின்னாலேயே கடந்து, சுவரில் உரசாமல் தெருவுக்கு வந்துவிட்டார். அக்கா ஒருமுறைகூடப் பிரேக்கைத் தொடவில்லை. இருவரும் சிரிக்கத் தொடங்கிய நேரத்தில் ஒரு பாட்டில் பறந்து வந்து முன் கண்ணாடியில் மோதியது. கண்ணாடி சிலந்தி வலைபோல விரிந்தது.

அடுத்த பாடத்துக்குத் தையல்காரம்மா வரவில்லை. போன் செய்தபோது, உடம்பு சரியில்லை என்று அவர் மகள் சொன்னாள். அக்காவுக்குக் கண்ணாடி போனது பெரிதில்லை. அந்தப் பெண் வாழ்க்கையில் முதல்முறையாக ரிவர்ஸ் எடுத்த நாள், அவர் கடைசியாகக் கார் ஓட்டிய நாளாகிவிடுமோ என்பதுதான் அக்காவைக் குடைந்தது. அன்றோடு பொறுமைக்கு ஒரு முழுக்குப் போட்டார்.

போலீசைக் கூப்பிட்டால் வருவார்கள். வந்தால் கூட்டம் கலையும். போனால் கூடும். வந்த போலீஸ்காரரே ஒருநாள் அலுத்துப்போய் வழி சொன்னார்: பாரின் உரிமத்தைப் புதுப்பிக்கும் காலம் நெருங்குகிறது, நகராட்சியில் விசாரணை நடக்கும், தெருக்காரர்கள் நேரில் வந்து சொன்னால் காது கொடுப்பார்கள்.

அதற்குமுன் அக்கா முதலாளியிடம் ஒரு வார்த்தை பேசிவிட நினைத்தார். முதுகுக்குப் பின்னால் எதையும் செய்வது அவருக்குப் பழக்கமில்லை. நண்பகலில், நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்துத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் உள்ளே போனார். முதலாளி வயதில் சின்னவர், மரியாதையாகத்தான் பேசினார். குளிர்பானம் கொண்டுவரச் சொன்னார்.

"மேடம், என் கடைக்குள்ள நடக்கிறதுக்குத்தான் நான் பொறுப்பு. வெளிய போனவன் என்ன செய்றான்னு நான் எப்படிப் பாக்கிறது?"

"அவன் உள்ளயே வரலையே தம்பி. உங்க ஜன்னல்ல வாங்கி எங்க சுவர்ல விடுறான்."

முதலாளி சிரித்தார். ஜன்னலால்தான் கடை ஓடுகிறது, அதைக் கேட்காதீர்கள் என்றார். அக்கா குளிர்பானத்தைக் குடித்து முடித்து, நன்றி சொல்லி, விசாரணையில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தார்.

தெருவைத் திரட்டுவது பாரை எதிர்ப்பதைவிடக் கடினமாக இருந்தது. வீட்டுக்குள் எல்லோரும் வீரர்கள். வாசலைத் தாண்டினால் எல்லோருக்கும் அன்றைக்கு வேறு வேலை இருந்தது. நர்ஸ் மட்டும் கேட்டவுடனே சரி என்றாள். பக்கத்து வீட்டுக் கீழ்ப்பகுதியில் குடியிருந்தவர் அதே பாரில் சமையல்காரர். அக்கா வருவதைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

"அக்கா, கடையை மூடிட்டா என் பிள்ளைங்க கதி என்ன? உள்ள வந்து உக்காந்து சாப்பிடுறவங்களால ஒரு தொல்லையும் இல்ல. எல்லாம் அந்த ஜன்னல்தான். நானே முதலாளிகிட்ட சொல்லிப் பாத்துட்டேன்."

அக்கா அங்கேயே வாக்குக் கொடுத்தார்: கடையை மூடச் சொல்லிக் கேட்க மாட்டேன், ஜன்னலைத்தான் கேட்பேன். அந்த வாக்கு அவருக்கே வினையாக வந்தது. அவர் வீட்டுக் கூடத்தில் தெருக்காரர்கள் கூடியபோது, இத்தனை நாள் வாய் திறக்காதவர்கள்கூட இழுத்து மூட வேண்டும் என்று மேசையைத் தட்டினார்கள். இவ்வளவு தூரம் வந்துவிட்டுப் பாதியில் நிற்பானேன் என்றார்கள். சமையல்காரரிடம் அக்கா விலைபோய்விட்டதாகக்கூட ஒருவர் முணுமுணுத்தார். அக்காவுக்குச் சுருக்கென்றது.

மூலையில் கண்ணயர்ந்துகொண்டிருந்த அடுப்புக்காரர் அப்போது பேசினார்.

"மூடினா நாளைக்கு வேற எவனாவது வந்து திறப்பான். அவன் எப்படிப்பட்டவனோ. இவன் இருக்கட்டும், மூக்கணாங்கயிறு நம்ம கையில இருந்தா போதும்."

அவர் இவ்வளவு நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. அந்த அதிர்ச்சியிலேயே பாதிப் பேர் ஒப்புக்கொண்டார்கள் என்று அக்கா பிற்பாடு சொல்வார். மீதிப் பேரும் முனகிக்கொண்டே வந்தார்கள். மேசையைத் தட்டியவர்களில் ஒருவர் மட்டும் கடைசிவரை வரவில்லை.

விசாரணை ஒரு காலைப்பொழுதில் நடந்தது. நீண்ட மேசைக்கு அந்தப்பக்கம் மூன்று அதிகாரிகள், இந்தப்பக்கம் முதலாளியும் வக்கீலும். தெருக்காரர்கள் பின் வரிசை நாற்காலிகளை நிரப்பியிருந்தார்கள். எல்லோரும் வந்துவிட்டார்களா என்று அக்கா திரும்பிப் பார்த்தபோது, கதவோரம் தையல்காரம்மா நின்றுகொண்டிருந்தார். யார் சொல்லித் தெரிந்ததோ, பஸ் பிடித்து வந்திருந்தார். அக்கா அவரைக் கூப்பிடவே இல்லை. கூப்பிட மனம் வந்திருக்கவில்லை.

வக்கீல் சாமர்த்தியக்காரர். சாலையில் நடப்பதற்குக் கடைக்காரர் எப்படிப் பொறுப்பாவார் என்பதையே நாலு விதமாகக் கேட்டார். அக்கா எழுந்தார்.

"ஐயா, என்கிட்ட கத்துக்கிறவங்க யார்மேலயாவது மோதினா, முதல்ல என்னைத்தான் கேப்பாங்க. ஓட்டினது நான் இல்லதான். ஆனா என் காலுக்குக் கீழயும் பிரேக் இருக்கே. அந்த ஜன்னலைத் திறக்கிறதும் மூடுறதும் இவர் கையிலதான் இருக்கு."

நடுவில் இருந்த அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, வேறு யாராவது பேச விரும்புகிறீர்களா என்று கேட்டார். தையல்காரம்மா முன்னால் வந்தார். பானட்டில் ஏறியவனையும், தன்னைப் பார்த்துப் பாடிய பாட்டையும், கண்ணாடியில் வந்து மோதிய பாட்டிலையும் ஒன்றுவிடாமல் சொன்னார். முடிக்கும்போது, "நான் பயந்தாங்கொள்ளிதான். ஆனா பயந்துகிட்டே வீட்டுல உக்காந்திருக்க எனக்கு நேரம் இல்லைங்க" என்றார்.

உரிமம் புதுப்பிக்கப்பட்டது, நிபந்தனைகளோடு. ஜன்னலைச் செங்கல் வைத்து அடைக்க வேண்டும். கடையை முன்பைவிடச் சீக்கிரம் சாத்த வேண்டும். வாசலில் காவலாள் வேண்டும், காலையில் சந்து முழுவதையும் கழுவிவிடும் வேலையும் கடையுடையதே. மீறினால் உரிமம் போய்விடும்.

முதலாளி சில வாரம் அக்காவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜன்னல் அடைபட்ட பிறகும் பழக்க தோஷத்தில் சிலர் வந்து, செங்கல்லைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கடையில் இரண்டு பேருக்கு வேலை போனது. சமையல்காரருக்குப் போகவில்லை. உள்ளே உட்காருபவர்கள் கூடியதால், சாப்பாடுதான் இப்போது வியாபாரம் என்று அவரே சொன்னார். பாடத்துக்குத் திரும்பி வந்த தையல்காரம்மா முதல் ஓட்டுநர் தேர்வில் தோற்றார். கோபித்துக்கொண்டு மறுபடியும் ஓட்டிக் காட்டித் தேறினார்.

சத்தம் ஒரேயடியாக ஓய்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. விளையாட்டுப் போட்டி நடக்கும் நாட்களில் கூச்சல் சந்துவரை வரும். அப்போது அக்கா போய், பாரின் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஒன்றும் பேச மாட்டார். காவலாள் அவரைப் பார்த்துவிட்டு உள்ளே போவார், சத்தம் குறையும். இந்த விஷயம் பரவி, வேறொரு தெருக்காரர்கள் தங்கள் பக்கத்து பாரைப் பற்றி யோசனை கேட்க வந்தார்கள். அக்கா அவர்களை உட்காரவைத்து, முதலில் அந்தக் கடையில் வேலை செய்பவர்களிடம் பேசிவிட்டு வரச் சொல்லி அனுப்பினார்.