மொட்டுக்காது வம்சம்

"என் பட்டியில வேற ரத்தம் ஒரு சொட்டு இருக்குன்னு எவனாவது காட்டட்டும், இந்த மேடையை விட்டு இறங்கிடுறேன்!" என்று ஆடு வளர்ப்போர் கூட்டத்தில் முழங்கினார் அவர். யாரும் காட்டவில்லை. அவரும் சாப்பாடு ஆறிப்போகும்வரை இறங்கவில்லை.

ஊரில் அவருக்கு 'வம்சம்' என்று பெயர். தன் கிடாவின் தகப்பன், பாட்டன், பூட்டன் வரை ஒரே மூச்சில் ஒப்பிப்பார். சொந்தப் பூட்டன் பெயரைக் கேட்டால் மனைவியின் முகத்தைப் பார்ப்பார்.

அன்று அவர் அருளிய வரலாறு இது: மொட்டுக்காதுச் செம்மறிகள் முன்னொரு காலத்தில் ஒரு படையோடு நடந்து வந்தவை, படைக்குச் சாப்பாடாக. எந்தப் பக்கம் ஜெயித்தாலும் தோற்றது ஆடுதான். அதிலும் தப்பிப் பிழைத்தவற்றின் வாரிசுகளே அவர் பட்டியில் நிற்பவை. செம்பட்டை உடம்பு, கறுத்த வயிறு, பூ மொட்டளவே காது. சருகைத் தின்று கொழுக்கும். வெயிலுக்கு வாடாது, மழைக்குக் குளம்பு அழுகாது. கறியில் வாடையே இருக்காது. இந்தக் கடைசிப் புகழுரையை ஆடுகள் எப்படி எடுத்துக்கொண்டன என்று தெரியவில்லை.

உரை ஓடிக்கொண்டிருந்த அதே மதியம், பட்டியின் பின்வேலி பிய்ந்து கிடந்தது. கட்டச் சொல்லி மனைவி வாய் வலிக்கச் சொல்லியும், "கூட்டம் முடியட்டும்" என்றிருந்தார். பக்கத்துத் தோட்டத்துச் சீமைக்கிடாவுக்குக் கூட்டத்துக்கு அழைப்பில்லை. சும்மாதான் இருந்தது.

ஐந்து மாதம் கழித்து, பரிசு வாங்கிய அவருடைய ஆடு குட்டி போட்டது. கொழுகொழுவென்று ஒரு கிடாக்குட்டி. இரண்டு காதும் கன்னத்தைத் தாண்டித் தொங்கின.

வம்சம் ஒரு காதை மேலே தூக்கிப் பிடித்தார். விட்டதும் விழுந்தது.

"ஈரம்தான். காய்ஞ்சா நிமிர்ந்துடும்."

"ஏங்க, அது என்ன கொடியில போட்ட துணியா?" என்றாள் மனைவி. "தோட்டத்துக் கிடா ஜாடை அப்படியே இருக்கு. சம்பந்தி ஆயிட்டீங்க. போய்க் கை குலுக்கிட்டு வாங்க."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டிக்கு இனச்சான்று கொடுக்கக் கால்நடைத்துறை அதிகாரி வரப்போகிறார். ஒரு கலப்புக்குட்டி கண்ணில் பட்டாலும் சான்று கிடையாது. சான்று இல்லாத கிடாவை இனவிருத்திக்கு யார் கேட்பார்கள்? அத்தனையும் கசாப்புக்கடைத் தராசுக்குத்தான்.

அதிகாரி வரும் நாளன்று விடிந்ததுமே குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துச் சமையலறைக்குள் அடைத்தார். மனைவி அதை மடியில் அமுக்கிப் புட்டிப்பாலை வாயில் திணித்தாள். "இந்த வயசுல எனக்கு இதுவேற," என்ற முனகல் கதவுக்கு வெளியே கேட்டது.

அதிகாரி ஒவ்வொரு காதாகத் தொட்டுப் பார்த்தார். "அருமையா வச்சிருக்கீங்க ஐயா. இந்த இனத்துல வேற என்ன விசேஷம்?"

சும்மா இருந்திருக்கலாம். ஆனால் விசேஷம் என்ற சொல் காதில் விழுந்த பிறகு சும்மா இருக்க வம்சத்தால் முடிந்ததே இல்லை.

"தாய்ப்பாசம் சார்! குட்டியை எத்தனை கதவுக்குப் பின்னால ஒளிச்சு வச்சாலும் தேடிப் போயி..."

நாக்கைக் கடித்துக்கொண்டார். அதற்குள் பரிசு ஆடு முற்றத்தைத் தாண்டிப் போய்ச் சமையலறைக் கதவை முட்டிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து பதில் குரல் வந்தது. வம்சம் பலமாக இருமினார். குட்டி அதைவிடப் பலமாகக் கத்தியது.

"உள்ள யாரு?"

"வீட்டுக்காரி சார்."

மறுபடி ஒரு கத்தல்.

"அவங்களுக்குத் தொண்டை கட்டியிருக்கா?"

வம்சம் வரிசையாக நின்ற கிடாக்களைப் பார்த்தார். கதவை முட்டும் தாயைப் பார்த்தார். அதன் மடி கனத்து, பால் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

போய்க் கதவைத் திறந்தார். குட்டியைத் தூக்கி வந்து தாயின் மடியில் விட்டார். அது முட்டி முட்டிக் குடித்தது. தொங்கிய காது ஒன்று குறுக்கே விழுந்து காம்பை மறைத்தது. அதிகாரி பார்த்துக்கொண்டிருக்க, வம்சம் குனிந்து அந்தக் காதை ஒரு விரலால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டார்.