அண்டர் பார் என்று டாக்டர் சொன்னது

குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களில் நான் ஒரு துரைக்குக் கோல்ஃப் மட்டை சுமந்தேன். ஆறு சீசன் சுமந்தேன். வெள்ளைக்காரன் ஆண்ட காலம். துரைக்குச் செங்கோட்டைக்கு அப்பால் மலையில் தேயிலைத் தோட்டம். சீசனுக்கு இறங்கி வந்து குற்றாலத்தில் ஒரு பங்களாவில் தங்குவார். மற்ற மாதங்களில் எனக்குத் தென்காசியில் வயல் வேலை. படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். இங்கிலீஷ் காதில் விழுந்ததுதான்.

விளையாடும் இடம் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் ஒரு மேட்டு நிலம். ஒன்பது குழி. குழிக்குள் தகர டப்பா இறக்கி, பக்கத்தில் சிவப்புக் கொடி நட்டிருக்கும். காலையில் மேய்கிற மாடுகளை விரட்டிவிட்டுத்தான் தொடங்குவார்கள். பந்தை மட்டையால் அடித்துக்கொண்டே போய்க் குழியில் போட வேண்டும். எத்தனை அடியில் போட்டார் என்பதுதான் கணக்கு.

அந்தக் கணக்குக்குத் தனிப் பேச்சு உண்டு. ஒவ்வொரு குழிக்கும் ஒரு பார். நன்றாக ஆடத் தெரிந்தவன் இத்தனை அடியில் போட வேண்டும் என்று வைத்திருக்கும் அளவு அது. மூன்றாம் குழிக்குப் பார் நாலு. நாலு அடியில் போட்டால் பார். மூன்றில் போட்டால் பேர்டி, அதாவது குருவி. இரண்டில் போட்டால் ஈகிள், பெரிய பருந்து. இதெல்லாம் அண்டர் பார், பாருக்குக் கீழே. ஐந்து அடி ஆகிவிட்டால் போகி. ஆறு ஆனால் டபுள் போகி. இவை ஓவர் பார், பாருக்கு மேலே. மேலே போனால் துரை மட்டையைத் தூக்கி எறிவார். நான் போய் எடுத்து வருவேன்.

முதலில் இது எனக்குப் பிடிபடவில்லை. நெல் குறைந்தால் கஷ்டம். மழை குறைந்தால் கஷ்டம். இந்த ஆட்டத்தில் மட்டும் குறையக் குறைய நல்லது. மண்டையில் ஏற ஒரு சீசன் ஆயிற்று. ஏறினது பிறகு இறங்கவே இல்லை.

துரையோடு ஆட ஒரு வெள்ளைக்கார டாக்டர் மதராஸிலிருந்து வருவார். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஒருநாள் இரண்டு பேருக்கும் போகியை வைத்துச் சண்டை. துரை பழைய ஆள். அவர் நாட்டில் முன்காலத்தில் போகி என்றால் நல்ல ஆட்டக்காரன் போடும் அடிக்கே பெயராம். டாக்டர், இல்லை, பாருக்கு ஒன்று கூடினால்தான் போகி என்றார். தூறலில் நின்றுகொண்டு வெகுநேரம் பேசினார்கள். நான் குடை பிடித்தேன். பங்களாவில் சமையல் பார்த்த செங்கோட்டைக்காரர் பிறகு எனக்கு இதை விளக்கிச் சொன்னார். ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கும் என்று அன்றே என் காதில் விழுந்துவிட்டது. விழுந்து என்ன செய்ய.

வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் சொல்வேன். பிள்ளை இல்லை, நாங்கள் இரண்டு பேர்தான். அவளுக்கு இந்தப் பேச்சு பிடித்துப் போயிற்று. போகி என்றால் பழசைக் கொளுத்துகிற நாள், அதற்குப் போய் யாராவது சண்டை போடுவார்களா என்று சிரித்தாள். பிறகு அவளும் பேசத் தொடங்கினாள். குழம்பு சரியாக அமைந்தால் பார். உப்புக் கூடினால் போகி. நான் தாமதமாக வந்தால் டபுள் போகி. பண்பொழி மலைக்கோயில் படியை ஒருமுறை எங்கேயும் உட்காராமல் ஏறிவிட்டு, பேர்டி என்றாள். பக்கத்தில் நின்ற கிழவர் ஒன்றும் விளங்காமல் எங்களைப் பார்த்தார்.

ஐந்தாவது சீசன் தொடங்குகிற சமயம் அவளுக்கு மூச்சு வாங்கியது. ஒரு குடம் தண்ணீர் எடுத்து வந்தால் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். சாயங்காலம் கால் வீங்கும். விரலால் அமுக்கினால் குழி விழும். தென்காசி வைத்தியர் கஷாயம் கொடுத்தார். வீக்கம் வடியவில்லை. துரையிடம் சொன்னேன். அவர் டாக்டரிடம் சொன்னார். மாட்டு வண்டியில் அவளைப் பங்களாவுக்குக் கூட்டிப் போனேன்.

அன்றைக்குத் துரையின் சம்சாரம் ரயிலில் வந்தார்கள். துரையும் சமையல்காரரும் காரில் செங்கோட்டை ஸ்டேஷனுக்குப் போயிருந்தார்கள். டாக்டர் மட்டும் இருந்தார். வராந்தாவில் உட்காரவைத்து, நெஞ்சில் குழாய் வைத்து நெடுநேரம் கேட்டார். முதுகில் வைத்துக் கேட்டார். காலை அமுக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து இங்கிலீஷில் பேசினார். எனக்குப் பிடிபட்டது இரண்டு. அண்டர் பார், வெரி மச் அண்டர் பார் என்றார். பாளையங்கோட்டை என்று இரண்டு தடவை சொன்னார். ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். விளங்கிற்றா என்று கையால் கேட்டார். யெஸ் சார் என்றேன்.

வண்டியில் அவள் கேட்டாள். "என்ன சொன்னாரு?"

"நீ அண்டர் பாராம். ரொம்ப அண்டர் பாராம்."

"நானா?"

"பின்ன, மாடா?"

"அப்பம் குருவியா, பருந்தா?"

"பருந்துக்கும் மேலன்னு வச்சுக்கோயேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் இருமலும் வந்தது. இருமல் நின்றபின் யோசித்தாள்.

"பெறகு எதுக்குச் சீட்டு?"

"பாளையங்கோட்டைல காட்டினா மருந்து தருவாங்க போல. நடவு முடியட்டும், போவோம்."

சீட்டைக் கூரை இறவாரத்தில் செருகினேன். நனையாத இடமாகப் பார்த்துச் செருகினேன்.

மறுநாள் அவள் நடவுக்குப் போனாள். நான் போகச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. காலுக்குக் கீழே சேற்றுத் தண்ணீர், தலைக்கு மேலே சாரல். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று பெரிய டாக்டரே சொல்லிவிட்டார் என்று வரிசையில் நின்ற பெண்களிடம் சொல்லியிருக்கிறாள். அவர்கள் துரைச்சாணி என்று கூப்பிட்டுக் கேலி செய்தார்களாம். அதையும் சந்தோஷமாக வந்து சொன்னாள். மூச்சு வாங்கினால் வரப்பில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு மறுபடி இறங்குவாளாம். இதைப் பின்னால் அந்தப் பெண்கள் சொல்லித்தான் அறிந்தேன்.

பத்தாம் நாள் அவளால் படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே மூச்சு விட்டாள். உதடு கறுத்திருந்தது. விடிந்ததும் பங்களாவுக்கு ஓடினேன். டாக்டர் மதராஸுக்குத் திரும்பிவிட்டார். துரை எழுந்திருக்கவில்லை. சமையல்காரர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"டாக்டர் அன்னைக்கே பார்த்தாருலா? என்ன சொன்னாரு?" என்று கேட்டார்.

"அண்டர் பார்னு சொன்னாரு அண்ணாச்சி."

கத்தியைக் கீழே வைத்தார். "சீட்டு ஏதும் தந்தாரா?"

"தந்தாரு. பாளையங்கோட்டைக்கு."

"போனீரா?"

"போகல. அண்டர் பார்னா நல்லதுலா."

அவர் வெள்ளைக்காரர்களோடு இருபது வருஷம் இருந்தவர்.

"அது ஆட்டத்துலதான் வே. ஆளைப் பார்த்து அண்டர் பார்னு சொன்னா சொகமில்லன்னு அர்த்தம். உடம்பு கீழ எறங்கிட்டுன்னு அர்த்தம்."

வீட்டுக்கு வந்து சீட்டை எடுத்தேன். வண்டி பிடித்துத் தென்காசி ஸ்டேஷனுக்குப் போய் ரயில் ஏறினோம்.

ஜன்னல் ஓரத்தில் அவளைச் சாய்த்து உட்காரவைத்தேன். காற்று பட்டால் கொஞ்சம் தேவலை என்றாள். பாவூர்ச்சத்திரம் தாண்டியதும் சொல்லிவிட்டேன்.

"டாக்டர் சொன்னது நல்லது இல்லையாம். நான் தப்பா வெளங்கிட்டேன். அன்னைக்கே உன்னைக் கூட்டிட்டுப் போயிருக்கணும்."

அவள் வெளியே பார்த்துக்கொண்டே இருந்தாள். பனைகள் போய்க்கொண்டிருந்தன. பேசுகிற அளவுக்கு மூச்சு சேர நேரம் ஆயிற்று.

"பத்து நாளு பயமில்லாம இருந்தேன்லா" என்றாள்.

இன்னும் கொஞ்ச தூரம் போனபின், "எங்க அண்ணன்கிட்ட இதைச் சொல்லாண்டாம். உங்களை அடிச்சிருவான்" என்றாள்.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் தமிழர். சீட்டை வாசித்தார். அதில் போட்டிருந்த தேதியைப் பார்த்துவிட்டு, இத்தனை நாள் எங்கே இருந்தாள் என்று கேட்டார். நடவில் இருந்தாள் என்றேன். அவர் திட்டவில்லை. நெஞ்சு பலவீனம், ஓய்வில் வைத்திருக்க வேண்டிய உடம்பு, இப்போது நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்றார். ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் இறந்துபோனாள். அவள் குடிக்க வெந்நீர் வாங்க நான் போயிருந்தேன்.

சேதி போய் அவள் அண்ணன் சுரண்டையிலிருந்து வந்தார். ஒரே தங்கை. அவர்தான் வளர்த்துக் கட்டிக்கொடுத்தார். ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் நின்றோம். நல்ல வெயில். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "குத்தாலத்து டாக்டர் என்ன சொன்னாரு மாப்பிள?"

அவள் வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். பொய்யும் சுலபம்தான். டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை என்று சொன்னால் முடிந்தது. யார் போய் மதராஸில் கேட்கப் போகிறார்கள்.

"பாளையங்கோட்டைக்குப் போகச் சொன்னாரு மச்சான். நாந்தான் கூட்டிட்டு வரல."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் குருவி, பருந்து எல்லாம் சொல்லியிருக்க வேண்டும். மரத்தில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். அடிப்பார் என்று காத்திருந்தேன். அடிக்கவில்லை.

"சரி. ஆக வேண்டியதைப் பாரும்" என்றார்.

இரண்டு பேரும் சேர்ந்தே எல்லாம் செய்தோம். பாடையில் முன்பக்கம் அவர், பின்பக்கம் நான்.

மறு சீசனும் மட்டை சுமந்தேன். வேறு வேலை இல்லை. அந்த டாக்டரும் வந்திருந்தார். அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அத்தோடு விட்டுவிட்டேன்.

மச்சான் பிறகு என் வீட்டுக்கு வரவில்லை. நானும் அங்கே போகவில்லை. சந்தையில் எதிரே வந்தால் அவர் ஒதுங்கி வழி விடுவார். போன வருஷம் அவர் இறந்துவிட்டதாகக் கேள்விப்பட்டுச் சுரண்டைக்குப் போனேன். தெருமுனை வரை போனேன். பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கேயே நின்று, தூக்கிக்கொண்டு போனபின் பஸ் ஏறினேன்.