மாரியம்மனை ஏசிப் பாடிய லயம்

"சாமியையே கேலி பண்ணிப் பாடுறீங்களே, இதெல்லாம் ஒரு பக்தியா?" என்று பள்ளிக்கூடத்து டீச்சரம்மா ஒருமுறை என்னிடம் கேட்டார். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான்.

இன்று ரயில் புகையோடு வேப்பிலை வாசம் கலந்து வந்ததும், பிரிக்பீல்ட்ஸில் இடித்துப் போட்டுவிட்ட எங்கள் லயம், ரயில்வே கூலிகள் குடியிருந்த அந்த வரிசை வீடுகள், நினைவில் எழுந்தது. காய்ச்சல் வீட்டுக்கு வீடு ஆளைக் கொண்டுபோன அந்த வருஷமும், கூழ் ஊற்றும் நாளில் பெண்கள் மாரியம்மனை ஏசிப் பாடக் கூடினார்கள். வழக்கமாக முதலடி எடுப்பவள் அம்மா. தம்பியைப் புதைத்ததிலிருந்து அவள் பேசவுமில்லை, சோறு தொடவுமில்லை.

"ஏன்டி மாரி, ஊத்துன கூழக் குடிச்சிட்டுக் கொறட்ட விட்டியா? எம்புள்ள கத்துனது கேக்கலையா?" என்று அம்மா எடுத்தாள்.

பக்கத்து வீட்டு அக்கா களுக்கென்று சிரித்துவிட்டாள். பிறகு எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். அன்று அம்மா ஒரு கிண்ணம் கூழ் குடித்தாள்.

இப்போது நானும் டீச்சர். போன வெள்ளிக்கிழமை கோயிலில் கூழ் ஊற்றியபோது ஏசல் பாட்டின் முதலடியை நான் எடுத்தேன்.