ஃபிரிட்ஜில் இருக்கும் சுருதி

இடது காதை ஃபிரிட்ஜின் கதவில் ஒட்டிவைத்துக்கொண்டு, மடியிலிருக்கும் கிதாரின் தடித்த கம்பியை மெல்லச் சுண்டி, "இன்னும் கொஞ்சம் எறங்கணும்" என்கிறார். யாரிடமும் இல்லை, தனக்குத்தான். முறுக்காணியை மயிரிழை தளர்த்துகிறார். ஃபிரிட்ஜ் 'ம்ம்ம்' என்கிறது, கம்பியும் 'ம்ம்ம்' என்கிறது. இரண்டும் ஒன்று சேர்கிற நேரம் பார்த்து ஃபிரிட்ஜ் உடம்பை ஓர் உதறு உதறி 'டக்'கென்று நின்றுவிடும். மறுபடி ஓடக் கால் மணி நேரமாகும். அதற்கெல்லாம் அவர் அலட்டிக்கொள்வதில்லை. முக்காலியில் ஆற அமர உட்கார்ந்து காத்திருப்பார்.

தெருவில் அவருக்குப் பெயர் 'கூலிங்'. இருபத்திரண்டு வருடமாக ஃபிரிட்ஜ் மெக்கானிக். எந்த வீட்டுக்குப் போனாலும் பையைத் திறப்பதற்கு முன் கண்ணை மூடிக் கேட்பார். "கேஸ் போயிருச்சும்மா", "உள்ள ஃபேன் இடிக்குது" என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். சத்தமே வராத பத்தாவது வீட்டில் பிளக் கழன்றிருக்கும்.

கிதார் அவருடையதல்ல. மச்சினன் வெளிநாட்டு வேலைக்குப் போனபோது, "பத்திரமா பாத்துக்கங்க மாமா" என்று விட்டுப்போனது. வைக்க வேறு இடமில்லாமல் ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு வருடம் சாத்திக் கிடந்தது. ஒரு நாள் தண்ணீர் எடுக்கப் போனவர், ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்கியதும் தளர்ந்துபோயிருந்த தடித்த கம்பி யாரும் தொடாமலே நடுங்கி முனகுவதைக் கேட்டார். தண்ணீரை மறந்தார். மற்ற ஐந்து கம்பிகளையும் அந்த முனகலுக்கு ஒத்துப்போகும்படி ஒவ்வொன்றாக இறக்கினார். அவசரத்தில் ஒரு கம்பி மட்டும் அரைக்கட்டை கூடுதலாக இறங்கிவிட்டது. ஆறையும் சேர்த்து ஒரு தடவை வருடினார். காரணமே இல்லாமல் கண் கலங்கியது. அந்த அரைக்கட்டையை அவர் அப்புறம் திருத்தவே இல்லை.

கிதாரை எடுத்துக்கொண்டு இசைக்கருவிக் கடைக்குப் போனார். கடைக்காரர் தொட்டுப் பார்த்துவிட்டு, "சார், கம்பியெல்லாம் துணி காயப்போடுற கொடி மாதிரி தொங்குது" என்றார். சுருதி பார்க்கும் செயலியைத் திறந்து செல்போனைப் பக்கத்தில் வைத்தார், அது சிவப்பு விளக்கைக் காட்டியது. "ரெண்டு சுரத்துக்கு நடுவுல நிக்குது பாருங்க. கொஞ்சம் ஏத்தினா சரியாயிடும்."

"நடுவுலதான் நல்லா இருக்கு" என்றார் கூலிங். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். கடையிலிருந்ததிலேயே தடித்த கம்பிகளாகப் பார்த்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

இந்தச் சுருதியில் ஒரு வசதி உண்டு. எங்கேயும் விரலை அழுத்த வேண்டாம், சும்மா வருடினாலே சோகம். "சந்தோஷத்துக்குத்தான் நாம கஷ்டப்படணும். சோகம் அதுவா வந்துரும்" என்பார். அது உண்மைதான் என்பது எதிர்வீட்டுக் குழந்தையின் பிறந்தநாளில் தெரிந்தது. வாழ்த்துப் பாட்டை இவர் வாசிக்க, மெழுகுவத்தியை ஊத வந்த குழந்தை அம்மாவைத் திரும்பிப் பார்த்தது, உதட்டைப் பிதுக்கியது, பிறகு கேக்கை வெட்ட மறுத்துவிட்டது. மாடி வீட்டுக்காரர் முதன்முதலாக இந்த வாசிப்பைக் கேட்ட அன்று சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கி வந்து, தணிந்த குரலில், "எப்ப தவறினாங்க?" என்று விசாரித்தார்.

ஆனாலும் அவர் ஒரு மெட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். மூன்று அடி ஆகிவிட்டது. நான்காவது அடி எட்டு மாதமாக வருவேனா என்கிறது. காலை முதல் மாலை வரை அடுத்தவர் வீட்டுச் சமையலறையில் முட்டி போட்டுக் கிடக்கிற மனிதருக்கு, தனக்கே தனக்கென்று இருந்தது அந்த மூன்று அடிதான். வாசித்து முடித்ததும் ஆறு கம்பிகளையும் முழுக்கத் தளர்த்திவிடுவார். "அதுங்களுக்கும் ஓய்வு வேணாமா?" மறுநாள் ஆறு மணிக்குக் காது மறுபடி ஃபிரிட்ஜுக்குப் போகும்.

அவர் மனைவிக்கு நூலகத்தில் வேலை. நாள் முழுக்க உதட்டில் விரலை வைத்து ஊரை அடக்கிவிட்டு வருகிறவரை, வீட்டில் இரண்டு முனகல்கள் வரவேற்கும். "வாத்தியார் பிள்ளை மக்குங்கிற கதையா இருக்கு. ஊர்ல இருக்குற ஃபிரிட்ஜெல்லாம் உங்க கையில வாயை மூடிக்குது, இது மட்டும் ஏன் இப்படி உறுமுது?" என்று கேட்பார். "பழைய மிஷின்மா. அதுக்கும் வயசாகுதுல்ல" என்று கூலிங் சுவரைப் பார்த்துச் சொல்வார்.

அது பச்சைப் பொய். கம்ப்ரஸருக்கு அடியில் ரப்பர் தேய்ந்துபோயிருந்தது. மாற்றுவது பத்து நிமிட வேலை. புது ரப்பர் அவர் பையிலேயே கிடந்தது.

போன திங்கட்கிழமை மனைவி விடுப்பில் இருந்தார். தலைவலி. பொறுக்க முடியாமல் கணவரின் கடைக் கூட்டாளிக்குப் போன் போட்டார். கூட்டாளி வந்து ஃபிரிட்ஜைத் திருப்பி, பழைய ரப்பரைப் பிடுங்கிப் போட்டு, புதியதை மாட்டிவிட்டுச் சொன்னார்: "பத்து நிமிஷ வேலை அண்ணி. அண்ணனுக்கு இது எப்பவோ தெரிஞ்சிருக்குமே."

ஆறு மணிக்குக் கூலிங் முக்காலியைப் போட்டுக் காதை வைத்தார்.

"கரண்ட் இல்லையா?"

"இருக்கு."

"அப்புறம் ஏன் ஓடல?"

"ஓடிக்கிட்டுத்தான் இருக்கு" என்றார் மனைவி. "பத்து நிமிஷ வேலையாமே."

கூலிங் தன் கால் கட்டைவிரலை வெகுநேரம் ஆராய்ந்தார். பிறகு மெதுவாக, "பழைய ரப்பரு?" என்றார். அது குப்பை வண்டியில் போய்ச் சேர்ந்திருந்தது.

ஃபிரிட்ஜின் திருகுகளைத் தளர்த்திப் பார்த்தார். தகரம் அதிர்ந்ததே தவிர அந்த முனகல் வரவில்லை. செல்போன் பச்சை விளக்குக் காட்டும் சுரத்தில் கம்பியைக் கட்டிப் பார்த்தார். "அடுத்தவன் செருப்பைப் போட்டு நடக்குற மாதிரி இருக்கு" என்று அவிழ்த்துவிட்டார். வேலைக்குப் போன வீடுகளிலெல்லாம் ஃபிரிட்ஜில் காதை வைத்து, "இது இல்ல" என்று தலையாட்டினார். "என்ன இல்லங்க? புது ஃபிரிட்ஜுங்க இது" என்று ஓர் அம்மாள் பதறிப்போனார்.

மூன்று மாலைகள் வீட்டில் குண்டூசி விழுந்தால் கேட்கும். மனைவி கேட்ட அமைதி அதுதான். ஆனால் கூலிங் தொங்கும் கம்பிகளோடு கிதாரை மடியில் வைத்துக்கொண்டு, ஊமை ஃபிரிட்ஜின் முன்னால் உட்கார்ந்திருந்தார். மெட்டு மறந்துபோய்விடுமோ என்ற பயத்தில் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கோபித்துக்கொள்ளவும் வாயில்லை, பொய் சொன்னவராயிற்றே.

நான்காம் நாள் ஆறு மணி. மனைவி பின்னால் நின்று பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். கூலிங் பழக்க தோஷத்தில் கம்பியை ஒரு சுண்டு சுண்டினார். அது செத்த சத்தம் போட்டது.

அப்போது 'ம்ம்ம்' என்று கேட்டது.

அவர் சட்டென்று ஃபிரிட்ஜில் கையை வைத்தார். அதிர்வே இல்லை. திரும்பிப் பார்த்தார். மனைவி கத்தியைக் கீழே வைத்துவிட்டு, மோவாயை நெஞ்சோடு அழுத்தி, புருவத்தை நெரித்துக்கொண்டு மூக்கால் முனகிக்கொண்டிருந்தார். பெண் குரல்தான், ஆனால் அதே சுரம். எந்தச் செல்போனும் பச்சை விளக்குக் காட்டாத அதே நட்டநடு.

கூலிங் வாயைத் திறந்தார். மனைவி முனகலை விடாமல், கையிலிருந்த பீன்ஸால் கம்பியைச் சுட்டிக்காட்டினார். அவர் அவசரமாக ஆணியை முறுக்கினார். மூச்சு முட்டியதும் மனைவி ஒரு விரலை உயர்த்தி அவரை நிறுத்திவைத்து, மூச்சை இழுத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். கம்பி ஏறியது, கொஞ்சம் தாண்டியது, இறங்கியது, சேர்ந்தது.

சேர்ந்த அந்த நொடியில் மனைவி தோள் இரண்டையும் ஓர் உதறு உதறி, நாக்கால் 'டக்'கென்று ஒலித்துவிட்டு, பீன்ஸ் நறுக்கத் திரும்பிக்கொண்டார்.