காப்புக் கட்டிய லோரிக்காரன்

காப்புக் கட்டிய மறுநாள் காலை, வேலை நாளில், குணாளன் வீட்டு வாசலில் கைலியோடு நின்றுகொண்டிருந்தான். எதிர்வீட்டுப் பெண் குப்பை போட வந்தவள் பார்த்துவிட்டு, "என்ன அண்ணே, வேலைய விட்டுட்டீங்களா?" என்று கேட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இந்தத் தாமான் குடியிருப்புக்கு வந்ததிலிருந்து அவனைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தவர்கள் குறைவு.

தோட்டக் கம்பெனியின் செம்பனை எண்ணெய் டேங்கர் ஓட்டுகிறவன் அவன். சுவா பக்கத்து மில்லில் எண்ணெய் ஏற்றிக்கொண்டு, கிள்ளான் துறைமுகத்துக்கோ, ஜொகூர் பாசிர் கூடாங்குக்கோ போய் இறக்க வேண்டும். ஓட்டுவது அவனுக்குப் பிடிக்கும். ஓட்டாமல் நிற்பதுதான் ஆளைக் கொல்லும். மில்லில் ஏற்றக் காத்திருக்க வேண்டும், துறைமுகத்தில் இறக்கக் காத்திருக்க வேண்டும், இறக்கிய பிறகு அடுத்த உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டும். சம்பளம் டிரிப்புக்குத்தான், காத்திருப்பதற்குச் சம்பளம் கிடையாது. மகள் ஷாமினி சின்னவளாக இருந்தபோது "அப்பா எப்ப வருவீங்க?" என்று போனில் கேட்பாள். இப்போது பதினேழு வயது, ஐந்தாம் படிவம் படிக்கிறாள். "அப்பா, எங்க நிக்கிறீங்க?" என்று மட்டும் கேட்கிறாள்.

ஒம்பதாங்கட்டைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டினால் திருவிழா முடிகிறவரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. இப்போது பெரும்பாலோர் அதைப் பார்ப்பதில்லை. மஞ்சள் கயிற்றோடு சிரம்பான் ஆபீசுக்குப் போய்விட்டு வருகிறார்கள். தீச்சட்டி எடுப்பவருக்கு மட்டும் அந்தக் கட்டு இன்னும் உண்டு. இந்த வருஷம் சட்டி எடுப்பவன் குணாளன்.

போன வருஷம் அவன் மனைவி ரோகினிக்கு மார்பில் ஒரு கட்டி வந்தது. சோதனை முடிவு சொல்லும் நாளில் அவன் பாசிர் கூடாங்கில், டேங்கர் வரிசையில் நின்றான். முன்னால் ஒரு வரிசை, பின்னால் ஒரு வரிசை. ஆஸ்பத்திரி பெஞ்சில் ரோகினி தனியாக உட்கார்ந்திருந்தாள். வெறும் கொழுப்புக் கட்டி, பயப்பட ஒன்றுமில்லை என்று அவள் போனில் சொல்லும்வரை, ஸ்டியரிங்மேல் தலையை வைத்துக்கொண்டு அவன் வேண்டிக்கொண்டதுதான் இந்தச் சட்டி.

எல்லாம் சரி. ஆனால் காப்பைக் கட்டிக்கொண்ட இரவிலிருந்து ஒரு கேள்வி அவனை அரித்தது. அம்மனுக்காகக் கட்டினோமா, லீவுக்காகக் கட்டினோமா? அவன் வீட்டில் இருக்க வேண்டும் என்று அவனோ ரோகினியோ சொன்னால் கம்பெனி கேட்காது. சாமி சொன்னால் கேட்கும் என்று மனசுக்குள் எங்கோ ஒரு கணக்குப் போட்டிருந்தானோ?

அன்று காலை அவனே தேநீர் போடப் போனான். சீனி டின்னைக் காணவில்லை.

"அடுப்புக்கு மேல இல்ல," என்றாள் ரோகினி, ஷாமினியின் சீருடையை மடித்துக்கொண்டே. "இடம் மாத்தி ஒரு வருஷமாச்சு."

"சொல்லவே இல்லையே."

"சீனி டின்னுக்கெல்லாமா போன் போட்டுச் சொல்லணும்?"

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். என்றாலும் அவனுக்குச் சுருக்கென்றது.

மத்தியானம் போன் வந்தது. சுகுமாறன். எந்த லோரி எங்கே போக வேண்டும் என்று தீர்மானிக்கும் சூப்பர்வைசர். இதே தோட்டத்தில் பிறந்தவன். இதே கோயில் திடலில் குணாளனோடு பந்து உதைத்தவன். ஆபீசில் மற்றவர்கள் இருந்தால் "மிஸ்டர் குணாளன்" என்பான். தனியாக இருந்தால் குணா.

"குணா, நாளைக்குக் கிள்ளான் போகணும். மில்லுல டேங்கு நெறஞ்சு நிக்குது."

"நான் லீவுன்னு சொன்னேன்ல?"

"சொன்ன. பார்த்துக்கலாம்னு சொன்னேன்."

"ஆமா. பார்த்துக்கலாம்னு சொன்னியே."

"பார்த்தேன்லா. முடியல."

இத்தனை வருஷமும் பார்த்துக்கலாம் என்றால் நடந்தது. அதற்கு ஒரு வழி இருந்தது. கோயில் திருவிழாவுக்குக் குணாளனின் டிரிப்பைப் புனிதன் ஓட்டுவான். புனிதன் மாதா கோயிலுக்குப் போகிறவன். கிறிஸ்மஸுக்கும் ஈஸ்டருக்கும் அவனுடைய டிரிப்பைக் குணாளன் ஓட்டுவான். ஹரி ராயாவுக்கு மலாய்க்கார டிரைவர்களின் டிரிப்பை இருவரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். யாரும் யாரிடமும் கையெழுத்து வாங்கியதில்லை. இந்த வருஷம் எல்லா லோரியிலும் கார்டு மெஷின் வைத்துவிட்டார்கள். அவரவர் கார்டைச் செருகினால்தான் அவரவர் டிரிப் ஓடும்.

"புனிதன் ஓட்டுறேன்னு சொல்றான்," என்றான் குணாளன்.

"அவன் பேர்ல அவனுக்கு டிரிப் இருக்கு. மாத்தினா கம்ப்யூட்டர் ஒத்துக்காது."

"கம்ப்யூட்டர் நம்ம தோட்டத்துல பொறக்கல. நீ பொறந்தவன்தானே? எல்லை தாண்டக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா? உங்க அப்பாவே சட்டி எடுத்தவரு."

 "சாயந்தரம் கோயிலுக்கு வரேன். அங்க பேசிக்கலாம்," என்று வைத்துவிட்டான்.

சாயந்தரம் திடலில் கூடாரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கூடாரம் கம்பெனியுடையது. தண்ணீர் லோரியும் கம்பெனிதான் தருகிறது. கோயில் தலைவர் ராமசாமி, ஒரு காலத்தில் தோட்டத்து இரண்டாம் டிவிஷனில் மண்டோராக ஆள்களை வேலை வாங்கியவர், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வேலையை மேற்பார்த்துக்கொண்டிருந்தார். சுகுமாறன் செருப்பைக் கழற்றி, சாமி கும்பிட்டு, திருநீறு பூசிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"தலைவரே, கட்டின காப்பை அவிழ்த்துட்டு அப்புறம் கட்ட முடியுமா?"

"என்ன பேச்சு இது? அது என்ன ஷூ லேசா?"

"சரி, சரி. அப்ப எல்லைன்னா எதுவரைக்கும்?"

ராமசாமிக்கு இந்தக் கேள்வி பிடித்திருந்தது. கையை நீட்டி நீட்டிச் சொன்னார். இப்போதுதான் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். அந்தக் காலத்தில் மூன்று டிவிஷனும் ஒரே தோட்டம். தாமான் இருக்கும் இடம் அப்போது ரப்பர் காடு. மில் நிற்கும் இடம் நாற்று மேடை. எல்லாம் நம்ம அம்மன் எல்லைதான்.

"மில்லும் எல்லைக்குள்ளதானா?" என்றான் சுகுமாறன்.

"உள்ளதான்."

"மூணாம் டிவிஷனும்?"

"அதுவும்தான்."

சுகுமாறன் குணாளன் பக்கம் திரும்பினான். "அப்ப ஒண்ணு பண்ணலாம். கிள்ளானுக்கு வேற ஆள் அனுப்புறேன். நீ மூணாம் டிவிஷன்ல செம்பனைப் பழம் ஏத்தி மில்லுல கொட்டு. குலை சீசன், பழம் குவியுது, அங்க டிரைவர் இல்லாம சாகுறாங்க. எல்லையும் தாண்டல, வேலையும் நடக்கும்."

"அதுக்குக் கம்ப்யூட்டர் ஒத்துக்குமா?"

"அத நான் பார்த்துக்கறேன்."

தோரணம் கட்டிக்கொண்டிருந்த ரோகினி மாவிலையைக் கீழே வைத்தாள். "தலைவரே, எல்லை தாண்டக் கூடாதுன்னா வீட்டோட இருக்கணும்னுதானே அர்த்தம்? உள்ளுக்குள்ளயே லோரி ஓட்டலாம்னா அர்த்தம்?"

ராமசாமி கூடாரத்தைப் பார்த்தார், சுகுமாறனைப் பார்த்தார். "எல்லைன்னா எல்லைதாம்மா. உள்ள என்ன செய்யணும்னு சாமி சொல்லலயே."

எல்லாரும் குணாளனைப் பார்த்தார்கள். முடியாது என்று சொல்ல அவன் வாயைத் திறந்தான். ஆனால் சரியென்று தலைதான் ஆடியது. டேங்கரை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களோ என்ற பயம் ஒரு பக்கம். ஊர் நடுவில் சண்டை வேண்டாமே என்ற சோம்பல் ஒரு பக்கம். ரோகினி மாவிலையை மறுபடி எடுத்துக்கொண்டாள். 

மறுநாளிலிருந்து பழ லோரி. மரங்களுக்கு நடுவே சந்திலிருந்து சந்துக்குப் போய்க் குலைகளை ஏற்றி, மில்லில் போய் வரிசையில் நிற்க வேண்டும். குலை சீசனில் அந்த வரிசை மில் கேட்டைத் தாண்டி ரோட்டில் நீளும். விரதச் சோறு டப்பாவில் புளித்தது. லோரியின் கண்ணாடி வழியாகத் தாமானின் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. அதற்குப் பின்னால் மூன்றாவது கூரை அவன் வீடு. கிள்ளானில் நிற்கும்போது தூரம் என்று ஒரு சமாதானம் இருந்தது. இங்கே அதுவும் இல்லை. ரோகினி துணி காயப்போட்டிருப்பாள், ஷாமினி பள்ளி விட்டு வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டே, கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்திருந்தான். டேங்கர் ஓட்டிய நாட்களைவிட லேட்டாகத்தான் வீட்டுக்கு வந்தான்.

"அப்பா, எங்க நிக்கிறீங்க?" என்று ஷாமினி போனில் கேட்டாள்.

"மில்லுல."

"ஓ. இங்கதானா?" என்றாள். 

திருவிழா நாளன்று, "ஒரே ஒரு டிரிப், கொட்டிட்டு ஓடிரு" என்றான் சுகுமாறன். சட்டி சாயந்தரம்தானே என்று குணாளனும் போனான். மில்லில் பழம் கொட்டும் இடத்தில் ஏதோ பழுதாகி வரிசை அப்படியே நின்றுவிட்டது. முன்னால் லோரி, பின்னால் லோரி. வெயில் சாய்ந்தது. சுகுமாறனுக்குப் போன் போட்டான். அவன் எடுத்தபோது உறுமி மேளச் சத்தம்தான் முதலில் கேட்டது. கோயிலில்தான் இருந்தான்.

"சட்டியில தீ வளர்க்கிறாங்களா?"

"இன்னும் நேரம் இருக்கு. மெக்கானிக் வந்துட்டாராம், கொஞ்சம் பொறு. லோரிய விட்டுட்டு மட்டும் வந்துராத, வரிசையே அடைஞ்சுரும்."

குணாளன் பொறுத்தான். பின்னால் இருந்த நேப்பாளி டிரைவர் இறங்கி வந்து சிகரெட் நீட்டினான். குணாளன் கையிலிருந்த மஞ்சள் கயிற்றைக் காட்டி வேண்டாம் என்றான். அப்போது செம்பனை மரங்களுக்கு மேலாக உறுமி கேட்டது. போனில் கேட்டதைவிடப் பலமாக. ஊர்வலம் கிளம்பிவிட்டது.

ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். சாவியை எடுக்கக்கூட இல்லை. கார்டு மெஷின் கீச் கீச்சென்று கத்தியது. செம்பனை வரிசைகளுக்கு நடுவே, வெட்டிப்போட்ட மட்டைகள்மேல் பூட்ஸ் காலோடு ஓடினான்.

ரோட்டுக்கு வந்தபோது கூட்டம் எதிரே வந்தது. பூட்ஸைக் கழற்றி வீசினான். நடுவில் மஞ்சள் சேலையில் ரோகினி. இரண்டு கையிலும் வேப்பிலை, அதன்மேல் தீச்சட்டி. அவன் விரதம் இருந்த நாளெல்லாம் அவளும்தான் இருந்தாள். சட்டி எரிய ஆரம்பித்துவிட்டது, ஆள் வரவில்லை என்று ராமசாமி கையைப் பிசைந்தபோது, "எனக்குக் காப்புக் கட்டுங்க" என்று கையை நீட்டியிருக்கிறாள்.

"குடு ரோகினி, நான் எடுத்துக்கறேன்."

அவள் நிற்கவில்லை. "பாதி வழியில கை மாத்தக் கூடாது. தண்ணி ஊத்துங்க."

ஷாமினி தன் கையிலிருந்த குடத்தை அவனிடம் கொடுத்தாள். வேலைச் சட்டையும் டிரைவர்களின் பச்சைப் பாதுகாப்பு ஜாக்கெட்டுமாக, ரோகினியின் காலுக்கு முன்னால் சுடும் தார் ரோட்டில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே பின்பக்கமாக நடந்தான்.

சுகுமாறன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். "குணா, என்னடா இது? மில்லுலேர்ந்து கத்துறாங்க. பின்னால அத்தனை லோரியும் நிக்குது!"

"சாவி உள்ளதான் இருக்கு. உன்கிட்ட லைசென்ஸ் இருக்குல்ல? போய் ஓட்டு."

"நானா? இப்பவா? திருவிழா நடக்குது, எப்படிப் போறது?"

"போகலாம்லா. மில் எல்லைக்குள்ளதான் இருக்கு."

பக்கத்தில் நின்ற நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். குணாளனுக்குச் சிரிப்பு வரவில்லை. யாருக்காக வேண்டிக்கொண்டானோ அவளே நெருப்பைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாள். இதில் யாரை ஜெயித்தது? சுகுமாறன் முணுமுணுத்துக்கொண்டே பைக்கைத் தேடிப் போனான்.

சட்டியை இறக்கிய பிறகு ஷாமினி அம்மாவின் உள்ளங்கையில் வெண்ணெய் தடவினாள். குணாளன் பக்கத்தில் போய் நின்றான்.

"ரிப்போர்ட் சொன்ன அன்னிக்கும் தனியாத்தான் இருந்தேன்," என்றாள் ரோகினி, அவனைப் பார்க்காமல். "இன்னிக்காவதுன்னு நெனச்சேன்."

 நாளை மறுநாள்தான் மஞ்சள் நீராட்டு, காப்பு அவிழ்ப்பது.

"அதுவரைக்கும் வீட்டுல இருப்பீங்களா? இல்ல, மறுபடியும் யாராவது வந்து தலைவர்கிட்ட வழி கேப்பாங்களா?"

"இருக்கேன். யார் கூப்பிட்டாலும் போகல."

ரோகினி இப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். "பார்ப்போம்," என்று சொல்லிவிட்டு, ஷாமினியைக் கூட்டிக்கொண்டு அன்னதான வரிசைக்குப் போனாள். அவனும் போய் அவர்களுக்குப் பின்னால் நின்றுகொண்டான்.